இதயப் பொருத்தம்

திருநெல்வேலியில் இப்போதெல்லாம் கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பதில்லை. இதயத் தசையின் செல்களைப் பார்க்கிறார்கள். பெண்ணின் செல்களையும் பையனின் செல்களையும் ஆய்வகத்தில் ஒரே கிண்ணத்தில் வளர்ப்பார்கள். இரண்டும் தொட்டுக்கொண்டதும் ஒரே தாளத்தில் துடித்தால் கல்யாணம்.

குழலியும் செந்தூரனும் நான்கு வருடமாகக் காதலிக்கிறார்கள். அவர்களுடைய செல்கள் மூன்று நாளாகியும் தனித்தனியாகத்தான் துடித்தன.

"பொருத்தமில்ல. இந்தப் பேச்ச இதோட விட்டுரு," என்றார் குழலியின் அப்பா சிவசைலம்.

குழலி அழவில்லை. "அப்பா, உங்க செல்லயும் அம்மா செல்லயும் வச்சுப் பாப்போம்," என்றாள்.

முப்பது வருடத் தாம்பத்தியம் என்ற தைரியத்தில் சிவசைலம் உடனே சம்மதித்தார். மூன்றாம் நாள் மூவரும் ஆய்வகத்துத் திரையின் முன் உட்கார்ந்தார்கள். அவருடைய செல்கள் தடதடவென்று துடித்துக்கொண்டிருந்தன. மனைவி கோமதியுடையவை பக்கத்திலேயே, நிதானமாக, தம்பாட்டுக்குத் துடித்தன.

சிவசைலத்தின் முகம் சுண்டிவிட்டது. "என்ன கோமதி இது?"

கோமதியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எனக்கு இது கல்யாணமான மறுவாரமே தெரியும்," என்று அவர் கையைப் பிடித்து எழுப்பினாள். "வாங்க, பத்திரிகை அடிக்கக் குடுத்துட்டு வருவோம்."