அவளுக்கு ஒன்பது

சாயங்கால வெயில் கடைக் கண்ணாடி வழியே தரையில் சாய்ந்து கிடக்கிறது. அடுத்த மாத ஓட்டப்பந்தயத்துக்காகப் புது ஷூ போட்டுப் பார்க்கும் நர்ஸ், குதிகாலடியில் அது மெத்தென்று அமுங்கியதும் தெருவில் இறங்கி ஓடியே விடுகிறாள். கடைக்காரர் பதறுகிறார். "பயப்படாதீங்க, அவ செருப்பு என்கிட்டதான் இருக்கு," என்கிறான் புருஷன். தெருமுனையைத் தொட்டுவிட்டு மூச்சிரைக்க வருகிறாள். "மெத்தை அருமை. ஆனா பெருவிரல் முட்டுது. ஒரு சைஸ் பெருசு குடுங்க." "லேடீஸ்ல இதுக்கு மேல இல்லைங்க." அவள் பெஞ்சில் உட்கார்ந்து காலை உள்ளே இழுத்துக்கொள்கிறாள், கல்யாணப் போட்டோவில் அவன் காலுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்ட மாதிரியே. அவனுக்குப் பொறுக்கவில்லை. "ஜென்ட்ஸ்ல எடுங்க. எனக்கு எட்டு, அவளுக்கு ஒன்பது," என்று கடை முழுக்கக் கேட்கச் சொல்கிறான். புதுப் பெட்டி திறக்கிறது. விரல்கள் உள்ளே தாராளமாக அசைகின்றன. அவள் மறுபடி ஓடும்போது, கடைக்காரரை வாசலுக்கு இழுத்து வந்து, "அந்தக் காலைப் பாருங்க," என்கிறான்.