பிளாஸ்ரிக் மீன்

இத்தாலிய மொழி பேசும் சீசா ஊரில், சிறுவர் மருத்துவ நிலையத்தின் மாடியறை. யன்னலால் விழும் மாலை வெயிலில் மேசை நிறையப் பிளாஸ்ரிக் உணவுகள் பளபளக்கின்றன. எடை கூடிய பிள்ளைகளின் தாய்மாருக்கு வகுப்பு நடக்கிறது. பிள்ளையின் இரவுச் சாப்பாட்டைத் தட்டில் வைத்துக் காட்டும்படி டொக்டர் கேட்கிறார். நிரோசினியின் கை யோசிக்காமலே போகிறது: உள்ளங்கையளவு மீன், அவித்த கீரை, கொஞ்சம் சோறு, ஒரு மண்டரின் தோடம்பழம். “பிராவா!” என்று டொக்டர் கைதட்ட, மற்றத் தாய்மாரும் தட்டுகிறார்கள். பக்கத்தில் மகள் மதுசிகா, இறுகிய சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, தாயின் காதுக்குள் மெல்லச் சொல்கிறாள்: “அம்மா, இது நீங்கள் வேலை செய்யிற வீட்டுப் பிள்ளை லூக்காவின்ர சாப்பாடெல்லோ. நான் வீட்டில தனிய பிஸ்கற் சாப்பிடேக்கை நீங்கள் அங்கைதானே நிக்கிறனீங்கள்.” நிரோசினியின் விரல்கள் மீனின் மேலேயே நிற்கின்றன. கைதட்டல் இன்னும் ஓயவில்லை.