பெடலுக்கு ஒரு பெட்டி

“இருக்கறதுலேயே விலை குறைஞ்ச பெடல் போர்டு காட்டுங்க ஆன்ட்டி. பெட்டியும் சேர்த்து.”

ஆன்ட்டியாம்! கடைக்கார அக்காவுக்குச் சுருக்கென்றது. வியாபாரமாச்சே, சிரித்து வைத்தாள்.

“எத்தனை பெடல்மா?”

அந்தப் பெண் தோள்பையிலிருந்து ஒரு துண்டு மூட்டையை எடுத்து மேசையில் அவிழ்த்தாள். ஐந்து பெடல்கள். காலால் மிதித்தால் கிட்டாரின் குரலையே மாற்றுகிற குட்டிக் குட்டி டப்பாக்கள்.

“அடுத்த வாரம் முதல் கச்சேரி ஆன்ட்டி. தரையில பரப்பி ஒயர் மாட்டினா, பாதிப் பாட்டுல ஒண்ணு கழண்டுக்கும். மானம் போயிடும்.”

“பலகை எதுன்னாலும் மிதி தாங்கும், இந்த மரப்பலகையே போதும். ஆனா துணிப்பை வாங்காதே. பஸ்ல போறவ நீ, ஒரு இடி இடிச்சா அத்தனையும் போச்சு. பலகையில மிச்சம் பிடி, பெட்டியில பிடிக்காதே. கீறல் விழுந்த பெட்டி ஒண்ணு மேல கிடக்கு. பாதி விலைக்குத் தர்றேன்.”

பெண்ணின் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது.

அக்கா மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “என்னங்க! அந்தக் கீறல் பெட்டியை எடுத்துட்டு வாங்க!”

“தேடறேன், இரு!” என்றது வீட்டுக்காரரின் குரல்.

அதுவரை சும்மா இருப்பானேன்? பெடல்களைப் பலகையில் ஒட்டிக் கொடுக்கலாம் என்று வெல்க்ரோ ஒட்டுப்பட்டையை வெட்டிக்கொண்டு, முதல் பெடலைக் கவிழ்த்தாள்.

தூக்கிவாரிப் போட்டது.

அடியில், மூலையில், சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு. அடுத்ததைக் கவிழ்த்தாள். அதிலும். ஐந்திலும்! மேடையில் மற்றவர்களுடையதோடு கலந்துவிடக் கூடாதென்று, வீட்டுக்காரரின் பெடல்களுக்கு அவளே தன் கையால் வைத்த பொட்டு.

போன வருஷம் கச்சேரி வேனிலிருந்து திருடு போன பெடல்கள்!

அன்றைக்கு வேன் சாவி இருந்தது அவள் தம்பியிடம். வீட்டுக்காரர் கிட்டார் வாசித்த அதே குழுவில் ட்ரம்ஸ் வாசித்தவன். “நான் எடுக்கலக்கா” என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான். “பின்னே காக்கா தூக்கிட்டுப் போச்சா?” என்று கத்தினாள். கடை அப்பா வைத்தது, பாதி அவனுக்கு. “திருடனுக்குப் பங்கு ஒரு கேடா? இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே!” என்று துரத்திவிட்டாள்.

பொருளைப் பறிகொடுத்த வீட்டுக்காரரோ தங்கமான மனுஷன். “விடும்மா, சின்னப் பையன், ஏதோ புத்தி கெட்டுப்போச்சு. மன்னிச்சுடு” என்றார். அதன்பிறகு, பாவம், தம்பி உட்கார்ந்த கல்லாவையும் அவரே தலையில் போட்டுக்கொண்டு பார்க்கிறார்.

“இதெல்லாம் யார்கிட்டம்மா வாங்கினே?” அக்கா கேட்டாள்.

“ஒரு அண்ணன்கிட்ட. ரொம்ப நல்லவர். வாசிக்கறதை விட்டுட்டேன்னு சொல்லி அடிமாட்டு விலைக்குக் கொடுத்தார். ஒரே ஒரு கண்டிஷன். ஒரு வருஷத்துக்கு இதை மேடையேத்தக் கூடாது, வீட்டுக்குள்ளயே வாசின்னார். அதான் இத்தனை நாள் போர்டே வாங்கலை.”

அடேயப்பா! என்ன கில்லாடித்தனம்! ஊர் மறக்கட்டும் என்று ஒரு வருஷம் கெடு வைத்திருக்கிறான் பார்! அக்காவுக்கு ரத்தம் கொதித்தது. போனை எடுத்தாள்.

“டேய், உடனே கடைக்கு வா.”

மறுபேச்சுக்கு இடம் கொடுக்காமல் வைத்துவிட்டாள். இன்றைக்கு இந்தப் பெண் முன்னாலேயே அவன் முகமூடியைக் கிழிக்காமல் விடுவதில்லை.

தம்பிக்கு இப்போது அடுத்த தெரு மெக்கானிக் கடையில் வேலை. கையில் இருந்த கிரீஸைக்கூடத் துடைக்காமல் ஓடிவந்தான். முகமெல்லாம் பல்.

“அக்கா! நீயா கூப்பிட்டே? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?”

“நடிக்காதடா! பாத்துச் சொல்லும்மா, இவன்தானே உனக்கு வித்தவன்?”

பெண் திருதிருவென்று விழித்தாள். “ஐயையோ, இல்லை ஆன்ட்டி! இவரை நான் பார்த்ததே இல்லை.”

“பயப்படாதே. நல்லாப் பாரு!”

“சத்தியமா இவர் இல்லை.”

அக்காவுக்கு ஒன்றும் ஓடவில்லை. அப்போதுதான் வீட்டுக்காரர் பெட்டியைத் தூசி தட்டிக்கொண்டே மாடிப்படி இறங்கினார். அவரைப் பார்த்ததும் பெண்ணுக்கு ஏகக் குஷி.

“அண்ணா, நீங்களா! இது உங்க கடையா? நீங்க சொன்ன மாதிரியே ஒரு வருஷம் வெளிய எடுக்கலை பாருங்க!”

பெட்டி அவர் கையிலிருந்து நழுவித் தடதடவென்று படியில் உருண்டது.

மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா அவரைப் பார்த்தாள், அவர் தினமும் உட்காருகிற கல்லாவைப் பார்த்தாள். எதற்காக இந்தத் திருட்டு நாடகம் என்று யாரும் சொல்லாமலே விளங்கிவிட்டது. அடப் பாவி மனுஷா!

தம்பி பக்கம் திரும்பினாள். கடையில் இருந்த அத்தனை பேரிலும் அதிர்ச்சியே இல்லாமல் நின்றவன் அவன் ஒருவன்தான்.

“டேய்... உனக்கு முன்னாடியே தெரியுமா?”

தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

“மாமா பெடல் பையோட போனதை அன்னிக்கே பார்த்தேன்க்கா. சொல்லியிருந்தா என் பங்கு நின்னிருக்கும். உன் குடும்பம் நின்னிருக்குமா?”