மடவைக்கு என்ன வயது?

"இருநூத்தி நாப்பதும் அப்படியே ஒத்துப்போகுது. ஒண்ணுகூடப் பிசகலை. இது எப்படி?"

டாக்டர் கேட்டதும் ஆய்வக உதவியாளர் தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, மீன் டாக்டர். மடவை மீனை ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவள். இந்த ஆய்வகத்தில் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. அதற்குள் யார் எங்கே தப்புச் செய்கிறார்கள் என்று மோப்பம் பிடிக்கப் பழகிவிட்டாள்.

மடவையின் தலைக்குள், காதுப் பக்கம், அரிசி அளவில் ஒரு கல் இருக்கும். அதைத் தேய்த்துக் கண்ணாடித் துண்டில் ஒட்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் வளையம் வளையமாகத் தெரியும். வருஷத்துக்கு ஒரு வளையம். எண்ணினால் மீனின் வயது.

முதலில் பெரிய சார் எண்ணித் தன் நோட்டில் எழுதி, டிராயரில் வைத்துவிடுவார். பிறகு உதவியாளர் தனியாக எண்ணி வேறு நோட்டில் எழுத வேண்டும். ஒருவர் நோட்டை இன்னொருவர் பார்க்கவே கூடாது. வளையங்கள் மங்கலாக இருக்கும் என்பதால் எப்பேர்ப்பட்ட கைகாரருக்கும் பத்துக் கல்லில் இரண்டிலாவது கணக்கு இடிக்கும். இங்கே இருநூற்று நாற்பது கல்லில் ஒன்றுகூட இடிக்கவே இல்லை. அதுதான் டாக்டருக்கு இடித்தது.

"நேத்து காலைல சார் வர்றதுக்கு முன்னாடி அவரோட நோட்டு உங்க மேஜைமேல விரிஞ்சு கிடந்துச்சு. என் கண்ணால பார்த்தேன்."

"ஆமா மேடம்."

"பார்த்து எழுதினீங்களா?"

நேற்றுவரை வாய் நிறைய 'அக்கா' என்று கூப்பிட்டவள்தான் டாக்டர். இன்று அந்த வார்த்தை வரவில்லை.

"நாளையோட உங்க ஒப்பந்தம் முடியுது. திரும்ப எடுக்கலாமா வேண்டாமான்னு நான்தான் எழுதிக் கொடுக்கணும். தெரியுமில்ல?"

"தெரியும். நான்தான் காப்பி அடிச்சேன்னு எழுதிக்குங்க. எனக்கு ரெண்டு கண்ணும் நல்லா இருக்கு. எங்க போனாலும் பொழைச்சுக்குவேன்."

செய்வதையும் செய்துவிட்டு என்ன திமிர்! டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்துப் பெரிய சார் உள்ளே வந்தார். முப்பது வருஷமாக மீன் கல் எண்ணுகிறவர். அவர் சொன்ன வயதை இதுவரை ஒருவரும் மறுத்துப் பேசியதில்லை.

விஷயத்தைக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போகட்டும் விடும்மா. பதினஞ்சு வருஷமா இருக்கறவ. ஏதோ புத்தி கெட்டுப்போய் பண்ணிட்டா. நான் மன்னிச்சுட்டேன்."

உதவியாளர் நிமிர்ந்து அவரை ஒரு தடவை பார்த்தாள். மறுபடியும் குனிந்துகொண்டாள்.

டாக்டருக்கு நெஞ்சு உருகிவிட்டது. இப்படியும் ஒரு மனுஷரா? இவர் உழைப்பைத் திருடியவளுக்கு இவரே பரிந்து பேசுகிறாரே!

"நீங்க மன்னிக்கலாம் சார், நான் அறிக்கை எழுதணுமே. எந்த வயசு மீனைப் பிடிக்கலாம், எதை விட்டுவைக்கணும்னு இந்தக் கணக்கை நம்பித்தான் சொல்லப்போறோம். ஒரே ஒரு சோதனை வெச்சுடலாம். நேத்து நானே ஒரு கல்லைத் தேய்ச்சு ஒட்டி வெச்சிருக்கேன். வேற யாரும் பார்க்கலை. நீங்க எண்ணி, வாயால சொல்லாம, ஒரு சீட்டுல எழுதுங்க. அப்புறம் இவங்க எண்ணட்டும். சாயம் வெளுத்துடும்."

சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் உதவியாளர் முந்திக்கொண்டாள்.

"வேண்டாம் மேடம்! சாரை எதுக்குச் சிரமப்படுத்தறீங்க? அதான் ஒத்துக்கிட்டேனே!"

குட்டு உடைந்துவிடும் என்று எவ்வளவு பயம் பாருங்கள். டாக்டர் மனதுக்குள் சிரித்துக்கொண்டாள்.

"உக்காருங்க சார்."

வேறு வழியில்லாமல் சார் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தார். விளக்கைப் போட்டார். டாக்டர் அவர் பக்கத்தில் நின்று சின்னப் பெட்டியைத் திறந்து, மூடியை மேஜைமேல் வைத்தாள். டக் என்று சத்தம் கேட்டது.

சார் குனிந்தார். திருகை இப்படியும் அப்படியும் திருப்பினார். உதடு மெல்ல அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று...

நிமிர்ந்து சீட்டில் எழுதினார். ஐந்து.

"அழகான கல்லும்மா. வளையமெல்லாம் பளிச்சுனு தெரியுது. இந்த மாதிரி தெளிவா ஒரு கல்லைப் பார்த்து ரொம்ப நாளாச்சு."

உதவியாளரின் பார்வை டாக்டரின் கையிலேயே நின்றது. அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"அக்கா..." என்றாள் டாக்டர்.

"நான் பார்க்க வேண்டாம் மேடம்" என்று அவசரமாகச் சொன்னாள் உதவியாளர். "சார் என்ன எழுதியிருக்காரோ, அதுதான் என்னோடதும். அப்படியே போட்டுக்குங்க. வேற ஒண்ணும் எழுதிடாதீங்க."

கல் ஒட்டிய கண்ணாடித் துண்டு இன்னும் டாக்டரின் விரல்களுக்கு நடுவில்தான் இருந்தது.