முதுகோடு முதுகாக

மாலை வகுப்பில் டிரைவர் அண்ணனும் தையல்கார அக்காவும் மட்டும் ஒரு மாதமாக வாயே திறக்கவில்லை. இன்றும் பேசாவிட்டால் தனக்குப் பாடம் நடத்தத் தெரியவில்லை என்றே அர்த்தம் என்று நினைத்தாள் இங்கிலீஷ் டீச்சர். ஆளுக்கொரு மூலையில் இருந்தவர்களை நடுவில் வரவழைத்து, முதுகோடு முதுகாக உட்கார வைத்தாள்.

“முகம் பார்க்க வேண்டாம். போன்ல பேசுற மாதிரி இங்கிலீஷ்ல பேசுங்க.”

வகுப்பே காத்திருந்தது.

“ஹலோ... யூ ஈட்?” என்றாள் தையல்கார அக்கா.

“ஹோட்டல் ஈட். ஸ்டமக் பெயின்,” என்றார் டிரைவர்.

“கம் ஹோம். ஐ குக்.”

டீச்சர் பதறிப்போனாள். “என்னக்கா, முன்பின் தெரியாதவங்களை யாராவது வீட்டுக்குக் கூப்பிடுவாங்களா?”

“இவர் என் வீட்டுக்காரர்தான் மிஸ். ஒரு மாசமா எங்களுக்குள்ள பேச்சே இல்லை.”

“இப்போ பேசினீங்களே?”

“சண்டை தமிழ்லதானே போட்டோம்.”