மூக்கைப் பிடித்த வெர்னியர்

ரைபிள்காரர் ஒருவரின் வீட்டு மேசையில் கிழட்டு பிரஸ் ஒன்று இருந்தது. வெடிமருந்து நிரப்பிய கூட்டில் குண்டை அளவாக அழுத்திச் சொருகுவது அதன் வேலை. அன்று அடைத்த ஐந்து தோட்டாக்களையும் தாடையில் கவ்வி நீளம் பார்த்த வெர்னியர் அளவி, "அஞ்சும் அஞ்சு அளவு. உனக்குக் கை நடுங்குது, பெரிசு!" என்றது.

ரைபிள்காரர் ஸ்பேனரை எடுத்தார். பிரஸ்ஸை மேசையிலிருந்து கழற்றினால் அடுத்தது பழைய இரும்புக் கடைதான்.

அப்போது கடைசித் தோட்டா வாயைத் திறந்தது. "வெர்னியர் அண்ணே, நீங்க எங்க மூக்கு நுனியைப் பிடிச்சு அளக்குறீங்க. வெறும் குண்டா டப்பாவுல கிடந்தப்பவே ஒண்ணோட ஒண்ணு இடிச்சு அது நசுங்கிப்போச்சு. கொஞ்சம் கீழே, உடம்பு பருக்குற இடத்துல பிடிச்சுப் பாருங்க."

வெர்னியர் வேண்டாவெறுப்பாகக் கீழே இறங்கிப் பிடித்தது. ஐந்தும் ஒரே அளவு, மயிரிழை வித்தியாசமில்லை.

ரைபிள்காரர் ஸ்பேனரைப் பெட்டிக்குள் போட்டார். பிரஸ் கிறீச்சென்று பெருமூச்சு விட்டது.

"உன் கையைப் பத்தி எனக்குத் தெரியாதா பெரிசு?" என்றது வெர்னியர். "எனக்கு ஆரம்பத்துலேயே இந்த மூக்கு மேலதான் சந்தேகம்."

ஸ்பேனர் பெட்டி மூடுகிற சத்தத்தை பிரஸ் ஆசை தீரக் கேட்டுக்கொண்டிருந்தது.