சம்பந்திக்கு லெட்டூஸ் விருந்து

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை! மலைத்தோட்டத்து நத்தை ஒன்று தன் சம்பந்தியை லெட்டூஸ் கீரை விருந்துக்கு அழைத்தது. பனியில் இலைகள் மொறுமொறுவென்று இருந்தன.

“சாப்பிடுங்க சம்பந்தி!”

“ஐயோ, இப்பதான் சாப்பிட்டு வந்தேன். நீங்க ஆரம்பிங்க.”

“விருந்தாளி நீங்க இருக்க, நான் முந்துறதா?”

நடுங்கிக்கொண்டிருந்த லெட்டூஸுக்கு உயிர் வந்தது. “அதானே, முறைன்னு ஒண்ணு இருக்குல்ல!” என்று ஒத்து ஊதியது.

உபசாரம் முடிவதற்குள் பனிக்காலமே போய் வெயில் வந்துவிட்டது. லெட்டூஸ் தண்டு நீட்டிப் பூத்தது, இலையெல்லாம் கசப்பேறிவிட்டது.

கடைசியில் இரண்டும் சேர்ந்து ஒரு கடி கடித்தன. கண்ணில் நீர் முட்டியது.

“தேன்தான் போங்க!” என்றது விருந்தாளி.

“அப்ப இன்னொரு இலை?”

“ஐயோ, வயிறு ரொம்பிடுச்சு!”

லெட்டூஸ் பூவை ஆட்டி ஆட்டிச் சிரித்தது.

நான் சொன்னேன் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். நாளைக்கு எனக்கும் அங்கேதான் விருந்து.